உருண்டைக்கு நாற்பது நிமிடம்

அண்ணன் இறந்து மூன்று வாரம் கழித்து மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். டைப் அடித்த தாள். நான்கே வரி. உருண்டைத் தொட்டிக்குள் இறங்கும் முன் நாற்பது நிமிடம் காற்றூதும் ப்ளோயர் ஓட வேண்டும் என்பது பட்டறை விதி. அந்த நேரம் முடியும் முன்பே என் அண்ணன் இறங்கிவிட்டார். தொட்டியின் வாயருகே காவல் நின்ற நான் அதைத் தடுக்கவில்லை. நான்காவது வரி, நான் கையெழுத்துப் போட வேண்டிய புள்ளிக்கோடு.

"நாப்பது ஓடிச்சு சார்."

"ஓடியிருந்தா உங்க அண்ணன் எப்படிய்யா செத்தாரு?"

"தெரியல சார்."

"தெரியலைல்ல? அப்ப தெரிஞ்சவன் எழுதினதுல கையெழுத்துப் போடு."

நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாகவும், அதற்குள் எனக்கு நல்ல புத்தி வராவிட்டால் இதையே தானே தன் வாயால் அவரிடம் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

"அப்ப மூணாவது வரி இவ்வளவு மரியாதையா இருக்காது. அவசரப்படுத்தி இறக்கிவிட்டவனே தம்பிதான்னு சொல்வேன்."

எங்கள் பட்டறையில் தொட்டி செய்வார்கள். படுத்த தொட்டி, நின்ற தொட்டி, அப்புறம் பந்து மாதிரி முழு உருண்டையாக ஒன்று. இரண்டு பெரிய இரும்புக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து வெல்டிங் செய்ததுபோல இருக்கும். உச்சியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறப்பு. உள்ளே பெயிண்ட் அடிப்பது எங்கள் வேலை. அண்ணன் மேஸ்திரி, நான் அவருக்கு அடுத்த ஆள். முதல் கோட் அடித்து வெளியே வந்ததும் ப்ளோயரின் குழாயை உள்ளே விட்டு ஓடவிடுவோம். பெயிண்டில் கலக்கும் தின்னரின் நச்சு ஆவி வெளியேறினால்தான் மறுபடி இறங்க முடியும். ஆவி போனபின் அண்ணன் இறங்கி, எங்கே வழிந்திருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கையால் தடவிப் பார்ப்பார். நான் மேலே அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வேன். அதனால் பட்டறையில் என் பெயரே 'கடிகாரம்'.

பல வருடமாக நாங்கள் அடித்த உருண்டை எல்லாம் ஒரே அளவு. குறுக்கே இரண்டு மீட்டர். அதற்கு இருபது நிமிடம் ப்ளோயர். ஒருவருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. அந்த வருடம் முதன்முறையாக நான்கு மீட்டர் உருண்டைக்கு ஆர்டர் வந்தது. ப்ளோயர் பழையதேதான். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்த தகரப் பலகையில் '2 மீட்டர் – 20 நிமிடம்' என்பதற்குக் கீழே '4 மீட்டர் – 40 நிமிடம்' என்று புதிதாக ஒரு வரி ஏறியது. எழுதியது அண்ணன். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அந்தத் தொட்டிக்குத்தான், அண்ணன் இறந்த அன்று காலை பத்து இருபதுக்கு ப்ளோயரைப் போட்டேன். பதினொன்றுக்கு "ஆச்சு" என்றேன். அண்ணன் இறங்கினார். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். ஏணியில் எதுவோ மோதிய சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்லை. கயிற்றை இழுத்தேன், அது ஏணிப் படியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. தலையையும் தோளையும் உள்ளே விட்டதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. கண் விழித்தபோது சிமெண்டுத் தரையில் கிடந்தேன். என் இரண்டு காலையும் இரண்டு பேர் இன்னும் விடாமல் பிடித்திருந்தார்கள். அண்ணனை எடுக்க அதற்குப் பிறகு வெகு நேரமாயிற்று.

திரும்ப வேலைக்குப் போனபோது என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியவர்களும் குத்திக்காட்டத்தான் பேசினார்கள்.

"என்ன கடிகாரம், இன்னிக்கு எத்தனை நிமிஷம் ஃபாஸ்ட்டு?"

"டேய், அவன்கிட்ட மணி கேட்காதே. நேரத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுவே."

ஸ்டோர்க்காரரை 'லிட்டர்' என்போம். டப்பாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை கணக்குப் பார்த்துத் தருகிற மனிதர். அவர் ஒருநாள் எனக்கு பிரஷ் கொடுக்கும்போது, "எனக்கும் ஒரு தம்பி இருக்கான். நல்லவேளை, வேற ஊர்ல இருக்கான்" என்றார்.

வீடு இதைவிட மோசம். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான் என்று நாலு பேர் இருந்த இரண்டறை வீடு. அண்ணி என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நேராகப் பேசுவதும் நின்றது. நான் சமையலறைக்குள் போனால் அவர் முன்னறைக்கு வந்துவிடுவார். தட்டு மேசையில் இருக்கும். மகள் வந்து, "அம்மா சாப்பிடச் சொல்றாங்க" என்பாள். உள்ளிருந்து உடனே, "நான் ஒண்ணும் சொல்லல. தட்டு இருக்குன்னு சொல்லு" என்று குரல் வரும்.

ஒருமுறைதான் நேராகக் கேட்டார். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அன்னிக்கு மணி பார்த்தியா, இல்ல எவன்கிட்டயாவது கதை அடிச்சிட்டு இருந்தியா?"

"பார்த்தேன் அண்ணி. பத்து இருபதுலேர்ந்து பதினொண்ணு."

"பார்த்தானாம்" என்று சுவரிடம் சொன்னார். "பார்த்தவன் உசிரோட நிக்கிறான்."

இப்படியே போனதில் எனக்கே என் மேல் நம்பிக்கை ஆடிவிட்டது. ப்ளோயரைப் போட்டது பத்து இருபதா, பத்து முப்பதா? பெரிய முள் நாலில் இருந்ததா, ஆறில் இருந்ததா? கண்ணை மூடினால் இரண்டும் தெரிந்தது. மேனேஜர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. சின்ன உருண்டைக்கு இருபது நிமிடம் போதும் என்றால், இரண்டு மடங்கு உருண்டைக்கு நாற்பது நிமிடம் போதாமல் எப்படிப் போகும்? அப்படியென்றால் நாற்பது ஓடவில்லை. ஓடவில்லை என்றால், அண்ணனை இறக்கிவிட்டவன் நான்.

சனிக்கிழமை சாயங்காலம், அந்த 'இரண்டு மடங்கு' என்பதைத்தான் ஒரு பழைய நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டையின் கொள்ளளவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்பாடு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றில் நான்கு, பை, ஆரம் மூன்று முறை பெருக்கியது. அப்போது அது பரீட்சைக்கான மந்திரம். எழுதி மார்க் வாங்கியதோடு சரி. ஆரம் என்றால் குறுக்களவில் பாதி. சின்னத் தொட்டிக்கு ஒரு மீட்டர், பெரியதற்கு இரண்டு மீட்டர். போட்டுப் பார்த்தேன். சின்னது நான்கு கன மீட்டரும் சொச்சமும். பெரியது முப்பத்து மூன்றரை.

புள்ளியை எங்கோ தவறாக வைத்துவிட்டேன் என்று நினைத்து அடித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே முப்பத்து மூன்றரை. மூன்றாவது முறை பையையே விட்டுவிட்டுப் போட்டேன். ஒன்றை மூன்று முறை பெருக்கினால் ஒன்று. இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. அவ்வளவுதான் விஷயம். உருண்டை குறுக்கே மட்டும் வளர்வதில்லை. அகலத்தில் இரண்டு மடங்கு, நீளத்தில் இரண்டு மடங்கு, உயரத்திலும் இரண்டு மடங்கு. உள்ளே இருக்கிற காற்று எட்டு மடங்கு. ப்ளோயருக்குத் தொட்டியின் குறுக்களவு தெரியாது; நிமிடத்துக்கு இத்தனை காற்று என்று ஒரே மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும். இருபது நிமிடத்தை எட்டால் பெருக்கினால் நூற்று அறுபது. இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓட வேண்டிய இடத்தில் நாற்பது ஓடியிருக்கிறது.

முள் நாலில்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேனேஜரிடம் போய் நோட்டை வைத்தேன். அவர் படித்தார். மெதுவாகப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி. நாப்பது தப்புன்னே வச்சுக்குவோம். பலகையில அந்த நாப்பதை எழுதினது யாரு?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. நான் பக்கத்துல பிரஷ் கழுவிட்டு இருந்தேன். 'அளவு டபுள்னா நேரமும் டபுள், எழுதிப் போடு'ன்னு..."

"எழுதினது யாருன்னு கேட்டேன்."

"அண்ணன்."

"பலகையில என் கையெழுத்து இருக்கா? நான் சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா? செத்தவர் சாட்சிக்கு வருவாரா?" நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "தாராளமாப் போய்ச் சொல்லு. எட்டு மடங்குன்னு சொல்லு. மேஸ்திரியே தப்பாக் கணக்குப் போட்டாரு, தன் கணக்குல தானே விழுந்தாருன்னு எழுதிக்குவாங்க. உனக்கு நல்லதுதான்யா. பழியைத் தூக்கி அண்ணன் தலையில வச்சிட்டு நீ கையை வீசிட்டுப் போகலாம்."

கதவுவரை போன என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணிக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. மத்தியானம் பெயிண்ட் வாங்க ஸ்டோருக்குப் போனபோது லிட்டர் சீட்டு கேட்டார். சீட்டு இல்லாமல் அவரிடம் ஒரு துளிகூட நகராது. அப்போதுதான் இன்னொரு சீட்டு ஞாபகம் வந்தது.

பலகையில் எழுதிய அதே நாளில், பெரிய உருண்டைக்குப் பெயிண்ட் கேட்டு அண்ணன் சீட்டு எழுதியிருந்தார். சின்னதற்கு ஐந்து லிட்டர் ஆகும். அதனால் பத்து என்று எழுதினார். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "என்ன மேஸ்திரி, உருண்டையை முழம் போட்டு அளக்கிற துணின்னு நினைச்சியா? பரப்பு நாலு மடங்குய்யா. பத்து லிட்டரை வச்சிக்கிட்டுப் பாதித் தொட்டியில நின்னு முழிக்கப் போறே!" பத்தை அடித்துவிட்டு இருபது போட்டார். அந்தப் பெயிண்ட் சரியாக இருந்தது. ஒரு கால் லிட்டர் மிஞ்சியது. லிட்டர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தச் சீட்டின் அசல் ஸ்டோரில், மேனேஜர் கைக்கு எட்டுகிற இடத்தில். மேஸ்திரிக்கான நகலை அண்ணன் எப்போதும் வேலைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் அவர் துணிமணிகளை ஒரு கவரில் போட்டு அண்ணி கையில் கொடுத்திருந்தார்கள். அது அலமாரியில், அண்ணியின் பூட்டுக்குள்.

கணக்கைச் சொன்னால் அண்ணி காதில் வாங்கமாட்டார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார் என்று தோன்றியது. வீட்டில் மகளுடைய பந்து இரண்டு கிடந்தன. நூலைச் சுற்றி அளந்தேன். பெரியதன் சுற்று சின்னதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்ததும் இரண்டையும் அறுத்துப் பாதியாக்கினேன். நான்கு கிண்ணங்கள். ஒரு வாளித் தண்ணீரோடு சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி வந்து பார்த்து அப்படியே நின்றார்.

"யாரு வெட்டினது இத?"

"நான்தான் அண்ணி."

"உனக்கு மூளை கழண்டிடுச்சா? அவரு பிள்ளைக்கு ஆசையா வாங்கிக் குடுத்த பந்து! ஆளைத்தான் முடிச்சே, அவரு வாங்கிக் குடுத்ததைக்கூட விட்டுவைக்க மாட்டியா?"

"வேற வாங்கித் தர்றேன். ஒரே ஒரு நிமிஷம். இந்தச் சின்னக் கிண்ணத்தால பெரிய கிண்ணத்துல தண்ணி ஊத்துங்க. எத்தனை ஊத்தினா நிறையும்?"

"எனக்கு இதுதான் வேலையா?"

"சொல்லுங்க அண்ணி."

"ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு. போதுமா? எந்திரி, வழியை விடு."

நான் எழுந்திருக்கவில்லை. என்னைத் தாண்டிப் போக இடமில்லாததால்தான் குனிந்தார் என்று நினைக்கிறேன். ஆத்திரத்தோடு சின்னக் கிண்ணத்தைப் பிடுங்கி வாளியில் முக்கி ஊற்றினார். பாதித் தண்ணீர் என் காலில் விழுந்தது. "சிந்தாம ஊத்துங்க, கணக்கு கெட்டுப்போகும்" என்றேன். "கணக்காம் கணக்கு" என்று வாய்க்குள் திட்டியபடி கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்.

இரண்டில் பாதி உயரம்கூட ஏறவில்லை. மூன்றில் அவர் திட்டுவது நின்றது. ஐந்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு ஊற்றியபிறகும் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

"எட்டு ஊத்தியும் இன்னும் இடம் இருக்கே."

"சின்னப் பந்துல ரப்பரே கொஞ்ச இடத்தை அடைச்சுக்குது. சரியாப் பார்த்தா எட்டு. தொட்டியும் இப்படித்தான் அண்ணி. சின்னதுக்கு இருபதுன்னா பெருசுக்கு நூத்தி அறுபது நிமிஷம் ஓடணும்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு என்னைவிட வேகமாகப் புரிந்தது.

"நாப்பதுன்னு பலகையில எழுதினது அவருதானே?"

"மேனேஜர் சொல்லித்தான்..."

"எழுதினது அவருதானே?"

"ஆமா."

பெரிய கிண்ணத்தை அப்படியே தூக்கி என் மேல் வீசினார். தண்ணீரோடு. முகம், சட்டை, மடியில் இருந்த நோட்டு எல்லாம் நனைந்தன.

"இதுக்குத்தான் பந்தை அறுத்தியா? நீ தப்பிக்கணும், அதுக்கு அவரு முட்டாளாகணும். செத்தவருக்கு வாய் இல்லைன்னு அவரு தலையில கட்டப் போறே. மூணு வாரமா உன்னக் கொலைகாரன்னு நினைச்சேன். நீ அதுக்கும் கீழடா."

ஈரத்தோடு உட்கார்ந்தபடியே சீட்டைப் பற்றிச் சொன்னேன். பத்தை அடித்து இருபது போட்டதைச் சொன்னேன். மேனேஜர் சிரித்ததைச் சொன்னேன். அதையெல்லாம் அவர் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

"அந்தக் கவரை நானே இன்னும் பிரிக்கல" என்றார் கடைசியில். "அலமாரிப் பக்கம் வந்தே, கையை ஒடிச்சிடுவேன்."

புதன்கிழமை முழுக்க அவர் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

வியாழக்கிழமை விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. ஆய்வாளர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். வந்ததும் மேனேஜருடைய நாற்காலியில் உட்கார்ந்து, "ஃபேனை நிறுத்துங்க, பேப்பர் பறக்குது" என்றார். மேனேஜர் பக்கவாட்டு நாற்காலிக்கு மாறினார். லிட்டர் சுவரோரம் நின்றார். நான் மேசைக்கு முன்னால். ஆரம்பிக்கப்போகும் சமயம் கதவைத் தட்டாமல் அண்ணி உள்ளே வந்தார். அவர் வரப்போவது எனக்குத் தெரியாது.

"நீங்க?"

"செத்துப்போனவரோட மனைவி."

"உக்காருங்க. இடையில பேசக்கூடாது."

அண்ணி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜர் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், தன் சாட்சி வந்துவிட்ட மாதிரி.

ஆய்வாளர் என்னைக் கேட்டார். நாற்பது நிமிடம் ஓடியது, நாற்பதே தவறு என்றேன். நோட்டு அலையலையாகக் காய்ந்திருந்தது. எழுத்து கரைந்து போயிருந்ததால் வாயால்தான் சொன்னேன். நடுவில் ஒருமுறை உளறிவிட்டேன். பரப்பையும் கொள்ளளவையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். "அவசரப்படாதீங்க. அவசரத்துல போட்ட கணக்காலதான் இங்க வந்திருக்கோம்" என்றார் அவர். அதில் கனிவு எதுவும் இல்லை. கால்குலேட்டரை எடுத்துத் தானே தட்டினார். இரண்டு முறை தட்டினார்.

"எட்டுதான்" என்று எழுதிக்கொண்டார். "பலகையில இருக்கிற நேரத்தை நிர்ணயம் பண்ணது யார்?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், பெயிண்டிங் விஷயத்துல மேஸ்திரி சொல்றதுதான் இங்க சட்டம். அனுபவசாலி. அவரே எழுதினது. பலகையில போய்ப் பாருங்க, அவர் எழுத்துதான். படிப்பு கம்மி; அளவு டபுள்னா நேரமும் டபுள்னு நினைச்சிட்டாரு. நாங்களும் நம்பிட்டோம். பாவம்."

"நீங்க சொல்லித்தான் எழுதினார்" என்றேன்.

"யார் கேட்டாங்க? நீ ஒருத்தன்தானே? உன் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கு, நீ சொல்லாம யார் சொல்வாங்க?"

ஆய்வாளர் பேனாவை வைக்கவில்லை. 'மேஸ்திரி' என்று எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

அண்ணி எழுந்து, இடுப்பில் செருகியிருந்த சின்னத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலாக மடித்த இளநீல நகல். மடிப்பில் பெயிண்ட் கறை.

"பேசக்கூடாதுன்னீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உக்காந்துடறேன்." மேனேஜர் பக்கம் திரும்பினார். "இது எங்க வீட்டுக்காரர் எழுத்து. பத்துன்னு எழுதியிருக்காரு. அடிச்சிட்டு இருபது போட்டது யாரு சார்?"

"அது பெயிண்ட் சீட்டும்மா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"யாரு அடிச்சது?"

ஆய்வாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "கீழ இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம். பத்து லிட்டர் எப்படிப் பத்தும்? உருண்டைல குறுக்களவு டபுள் ஆனா பரப்பு நாலு மடங்கு ஆகும். அது அவருக்கு எங்க தெரியும்? பாதியில பெயிண்ட் தீர்ந்துபோய் வேலை நின்னுடும்னு நான்தான்..." அந்த இடத்தில் அவர் வாக்கியம் நின்றது.

"ஒரே நாள்ல, ஒரே ஆளு, ஒரே தொட்டிக்கு எழுதின ரெண்டு தப்பு" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "ரெண்டுமே டபுள். பெயிண்ட் தப்பைச் சிரிச்சுக்கிட்டே அடிச்சுத் திருத்தினீங்க. காத்துத் தப்பை ஏன் சார் திருத்தல?"

"பலகையை நான் அப்ப கவனிக்கல."

"ஸ்விட்சுக்குப் பக்கத்துல இருக்கு, வரும்போது பார்த்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் இந்த ரூமுக்கு வர்றீங்க."

"காத்து என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா!"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பின்ன யார் டிபார்ட்மெண்ட்?"

மேனேஜர் லிட்டரைப் பார்த்தார். லிட்டர் பயந்துபோய், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "எங்க ஸ்டோர்ல காத்துக்குச் சீட்டு கிடையாதுங்கம்மா. சீட்டு இருந்தாத்தான் நாங்க அளந்து குடுப்போம்" என்றார்.

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

டைப் அடித்த நான்கு வரித் தாளைக் கேட்டு வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். இறந்தவர் விதிப்படி நேரம் முடிந்த பிறகே இறங்கினார், விதியே தவறு, பெயிண்டுக்குப் பரப்பைச் சரியாகக் கணக்கிட்ட நிர்வாகம் உள்ளே போகிற ஆளுக்குக் கொள்ளளவைக் கணக்கிடவில்லை என்று எழுதி, படித்துக் காட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். மேனேஜர் போடும்போது பேனா இரண்டு முறை எழுதவில்லை. உதறிவிட்டுப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீ எப்படி இங்க வேலை பார்க்கிறேன்னு பார்க்கிறேன்" என்றார். அண்ணனைப் பற்றிய ஒரு சொல்கூட அவர் வாயில் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம். வெயில். அவர் நிழலில் நின்றார், நான் கொஞ்சம் தள்ளி. நன்றி சொல்லலாம் என்று நெருங்கினேன். சண்டை தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் கணக்கை எங்க பிடிச்சே?" என்று கேட்டார், சாலையைப் பார்த்தபடியே.

"பள்ளிக்கூடத்துல படிச்சதுதான் அண்ணி."

"எத்தனாவதுல?"

"பத்தாவதுல."

"போட எவ்வளவு நேரமாச்சு?"

"அஞ்சு நிமிஷம். நம்பாம மூணு தடவை போட்டேன், அதான் கொஞ்சம்..."

"அவருக்குத் தெரியாது, எழுதினாரு" என்றார். "அந்த ஆளுக்குத் தெரியும், கண்டுக்கல. உனக்கும் தெரியும்."

"ஞாபகம் வரல அண்ணி. சத்தியமா ஞாபகம் வரல."

"அன்னிக்கு ப்ளோயர் ஓடிட்டிருந்த நாப்பது நிமிஷமும் என்ன பண்ணிட்டிருந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். கயிற்றைச் சரிபார்த்தேன், பிரஷ் கழுவினேன் என்று ஏதாவது.

"சும்மா நின்னுட்டிருந்தேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் வந்தது. முன்வாசலில் ஏறி, காலியாக இருந்த இருவர் இருக்கையில் நடுவாக உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் எனக்காக ஒரு கணம் பார்த்தார். நான் வரவில்லை என்று கையால் காட்டினேன்.